கண்டெடுக்கப்பட்ட குழந்தையும் கலீஃபா உமரும் (ரலி)

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை புதரில் கிடந்தது, பேருந்து நிலையத்தில் கிடந்தது, குப்பைத் தொட்டியில் எறும்பு மொய்க்கக் கிடந்தது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படித்தவுடன் நம் வாயில் வரும் முதல் கேள்வி, எந்தப் பாவி இதைச் செய்தாள் என்பதுதான். அந்தக் குழந்தைக்குப் பால் கிடைத்ததா, இனி அதை யார் வளர்ப்பார்கள், அதன் செலவு யார் பொறுப்பு என்ற கேள்விகள் பிறகுதான் வருகின்றன. பலருக்கு வருவதே இல்லை.

ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் மதீனாவிலும் இப்படி ஒரு குழந்தை கண்டெடுக்கப்பட்டு ஆட்சியாளர் முன் கொண்டுவரப்பட்டது. அந்த ஆட்சியாளர் கண்டிப்புக்குப் பெயர்போனவர். அவர் நடந்து வருகிறார் என்றாலே குறைஷியர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆனால் அன்று அவர் கேட்ட கேள்விகளும் கொடுத்த தீர்ப்பும் நாம் எதிர்பார்க்கக்கூடியவை அல்ல. அவர்தான் அமீருல் முஃமினீன் உமர் பின் கத்தாப் (ரலி) அவர்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் போர்களின் வழியாகவும் வெற்றிகளின் வழியாகவும் பலமுறை கேட்டிருக்கிறோம். இம்முறை பச்சிளம் குழந்தைகளின் பக்கமிருந்து பார்ப்போம்.

நுஃபைல் குடும்பத்தில் ஒரு மனிதர்

உமர் (ரலி) அவர்கள் யானை ஆண்டுக்கு 13 ஆண்டுகள் கழித்து மக்காவில் குறைஷிகளின் பனூ அதீ கிளையில் பிறந்தார்கள். தந்தை கத்தாப் பின் நுஃபைல், தாய் ஹன்தமா. கத்தாப் மிகக் கடுமையான மனிதர். சிறுவயதில் லஜ்னான் பகுதியில் தந்தையின் ஒட்டகங்களை மேய்த்ததையும், வேலை வாங்கியே களைக்க வைத்த தந்தையின் கடுமையையும் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பிறகும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அன்பு காட்டப்படாத பிள்ளைப்பருவம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே குடும்பத்தில் இன்னொருவர் இருந்தார். கத்தாபின் சகோதரர் மகன் ஸைத் பின் அம்ர் பின் நுஃபைல். நபித்துவத்திற்கு முன்பே சிலைகளை வெறுத்து, இப்ராஹீம் (அலை) அவர்களின் மார்க்கத்தைத் தேடி அலைந்தவர். அந்தக் காலத்து அரபிகளில் சிலர் வறுமைக்கு அஞ்சியும் அவமானத்திற்கு அஞ்சியும் பெண் குழந்தைகளை உயிரோடு மண்ணில் புதைத்தார்கள். ஒருவன் தன் மகளைக் கொல்லப் போகிறான் என்று தெரிந்தால் ஸைத் அங்கே போய் நிற்பார். கொல்லாதே, இவளுடைய செலவை நான் ஏற்கிறேன் என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொள்வார். அவள் வளர்ந்து ஓடியாடும் பருவம் வந்ததும் தகப்பனிடம் போவார். விருப்பமானால் அழைத்துக்கொள், இல்லாவிட்டால் தொடர்ந்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பெற்றவன் செய்யத் துணிந்தது கொலை. அவனிடம் ஸைத் நியாயம் பேசி நேரத்தைக் கழிக்கவில்லை, ஊரைக் கூட்டி அவமானப்படுத்தவும் இல்லை. முதலில் உயிரைக் காத்தார். பிறகு செலவை ஏற்றார். மனம் மாறினால் திரும்பி வரலாம் என்று கதவையும் திறந்து வைத்தார். பச்சிளம் குழந்தைகளை ஒப்படைக்க இன்று பல நாடுகள் எழுதிவைத்திருக்கும் சட்டங்களின் சாரம் இந்த மூன்றுதான்.

ஆனால் இந்த ஸைதை மக்காவை விட்டே விரட்டியவர் உமரின் தந்தை கத்தாப். மூதாதையரின் மதத்தைக் குறை சொல்கிறார் என்று ஊருக்கு வெளியே தள்ளி, உள்ளே வராமலிருக்க இளைஞர்களைக் காவல் வைத்தார். நபித்துவத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஸைத் இறந்துவிட்டார். அவருடைய மகன் ஸயீத் (ரலி) அவர்கள்தான் உமரின் தங்கை ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தவர். வாளோடு புறப்பட்ட உமர், குர்ஆன் ஓதும் ஓசை கேட்டு உள்ளே நுழைந்து உள்ளம் உருகியது அந்த வீட்டில்தான். பெண் குழந்தைகளைக் காப்பாற்றியவரின் மகன் வீட்டில் உமருக்கு ஹிதாயத் கிடைத்தது. நபித்துவத்தின் ஆறாம் ஆண்டு அது.

ஒரு பொய்க்கதை

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு முன் தம் மகளை உயிரோடு புதைத்ததாகவும், குழி தோண்டும்போது அந்தக் குழந்தை அவர்களுடைய தாடியில் படிந்த மண்ணைத் தட்டிவிட்டதாகவும் ஒரு கதை நம் பயான்களில் உலவுகிறது. கேட்பவர்களை அழவைக்கும் கதை. ஆனால் நம்பகமான எந்த ஹதீஸ் நூலிலும் இதற்கு ஆதாரம் இல்லை. அவர்களுடைய மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்கள் நபித்துவத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்த காலத்தில் பிறந்தவர்கள். அவர்கள் வளர்ந்து, பின்னர் உம்முல் முஃமினீன் ஆனார்கள். அவர்கள் பெயரால்தான் உமருக்கு அபூ ஹஃப்ஸ் என்ற அழைப்பே. ஒரு மகளைச் சீராட்டி வளர்த்தவர் மீது இன்னொரு மகளின் கொலையை ஆதாரமின்றிச் சுமத்துவது ஸஹாபியின் மீது சொல்லப்படும் அவதூறு. மிம்பரில் நிற்கும் நாங்களும் அதைக் கேட்டுப் பகிரும் நீங்களும் இதில் பேணுதலாக இருக்க வேண்டும்.

உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்திற்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமையில் விசாரிக்கப்படும் என அத்தக்வீர் அத்தியாயம் (81:8,9) எச்சரிக்கிறது. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்வே என்று அல்இஸ்ரா அத்தியாயம் (17:31) கற்பிக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்ய வந்த பெண்களிடம் வாங்கப்பட்ட உறுதிமொழிகளில், பிள்ளைகளைக் கொல்ல மாட்டோம் என்பதும் ஒன்று (60:12). இந்தப் பாடத்தில் வளர்ந்தவர்களாக, ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) உமர் (ரலி) அவர்கள் கலீஃபா பொறுப்பை ஏற்றார்கள்.

அழுத குழந்தையும் திருத்தப்பட்ட சட்டமும்

ஈராக், ஷாம், எகிப்து எனப் பரந்து விரிந்த ஆட்சியில் பைத்துல்மாலுக்குச் செல்வம் குவிந்தது. யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று ஒழுங்குபடுத்த, பெயர்ப் பதிவேடான திவானை உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்தினார்கள். குழந்தைகளுக்கும் உதவித்தொகை இருந்தது. ஆனால் தாய்ப்பால் மறந்த குழந்தைக்கு மட்டும் என்பது முதலில் இருந்த விதி.

ஒருநாள் வணிகர் கூட்டம் ஒன்று மதீனாவின் தொழுகைத் திடலில் இறங்கியது. அன்றிரவு அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் போய், குழந்தையைக் கவனிக்கும்படி தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் போனார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை நிற்காததால், நீ என்ன தாய் என்று கடிந்துகொண்டார்கள். பேசுவது கலீஃபா என்று அறியாத அந்தப் பெண் காரணத்தைச் சொன்னாள். பால் மறந்த குழந்தைக்குத்தான் உமர் பணம் தருகிறார், அதனால் காலத்திற்கு முன்பே பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்றாள்.

அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் அழுகையால் அவர்கள் ஓதியது மக்களுக்குச் சரியாகப் புரியவில்லை. தம்முடைய விதி எத்தனை குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்குமோ என்ற அச்சம் அவர்களை உலுக்கியது. தொழுகை முடிந்ததும், அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காதீர்கள், இனி பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் உத்தரவு எழுதி அனுப்பினார்கள். பிறந்ததும் 100 திர்ஹம், வளர்ந்ததும் 200, பருவம் அடைந்ததும் இன்னும் அதிகம் என்று நிர்ணயித்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் குற்றம் தாயுடையது. காசுக்காகக் குழந்தையைப் பட்டினி போட்டாள் என்று சொல்லிவிடலாம். உமர் (ரலி) அவர்கள் அவளைத் தண்டிக்கவில்லை. அவளை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று பார்த்தார்கள். அது தம் சட்டம்தான் என்று தெரிந்தபோது சட்டத்தைத் திருத்தினார்கள். ஹிஜ்ரி 18இன் கடும் பஞ்சத்தில் திருட்டுக்கான கைவெட்டும் தண்டனையை நிறுத்திவைத்ததிலும் இதே பார்வையைக் காண்கிறோம். ஒருவர் தவறு செய்யும்போது அவரை நெருக்கிய சூழ்நிலையையும் கணக்கில் எடுக்கும் நீதி அது.

சுனைன் கொண்டுவந்த குழந்தை

இப்போது அந்தக் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கு வருவோம். பனூ சுலைம் கோத்திரத்தைச் சேர்ந்த சுனைன் அபூ ஜமீலா என்பவர், எங்கோ போடப்பட்டிருந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு உமர் (ரலி) அவர்களிடம் வந்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியிருக்கிறது.

இந்த உயிரை ஏன் எடுத்தாய் என்று கலீஃபா கேட்டார்கள். அநாதரவாகக் கிடந்ததால் எடுத்தேன் என்றார் சுனைன். கலீஃபாவுக்குச் சற்றுச் சந்தேகம். அப்போது அந்தக் கோத்திரத்தின் பொறுப்பாளர், இவர் நல்ல மனிதர் என்று சாட்சி சொன்னார். அப்படியா என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு தீர்ப்பளித்தார்கள். இக்குழந்தை சுதந்திரமானது, இதன் வலாஃ எனும் பொறுப்புரிமை எடுத்தவருக்கு, இதன் செலவு நம்மீது, அதாவது பைத்துல்மால் மீது.

இவ்வளவுதான். தாயைத் தேடிப் பிடிக்கச் சொன்னதாக அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. குழந்தை யாருடைய பாவம் என்ற விசாரணை இல்லை. விசாரிக்கப்பட்டவர் எடுத்தவர் மட்டுமே. அதுவும் எதற்காக? இவர் கையில் இந்தக் குழந்தை பத்திரமாக இருக்குமா என்று அறிவதற்காக. அடிமை முறை இருந்த காலத்தில் அநாதரவான குழந்தையை எவரும் பிடித்து விற்றுவிடலாம். அதனால்தான் தீர்ப்பின் முதல் சொல்லே சுதந்திரம் என்றானது.

இது ஒரு குழந்தையோடு முடிந்த சலுகை அல்ல. இப்படிக் கண்டெடுக்கப்பட்ட குழந்தைகள் வந்தால் 100 திர்ஹம் உதவித்தொகை எழுதுவார்கள். வளர்ப்பவர் மாதந்தோறும் பெற்றுக்கொள்ளத் தேவையான உணவுப்படியையும் நிர்ணயிப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு அதை மாற்றியமைப்பார்கள். பாலூட்டும் பெண்ணுக்கான கூலியும் பைத்துல்மாலிலிருந்தே போகும். அந்தக் குழந்தைகளிடம் நல்லவிதமாக நடந்துகொள்ளுங்கள் என்று உபதேசிப்பார்கள். இப்னு ஸஅத் (ரஹ்) அவர்களின் தபகாத்தில் இந்த விவரங்கள் இருக்கின்றன. வீட்டில் தாய் தகப்பனோடு இருக்கும் குழந்தைக்கு எழுதிய அதே 100 திர்ஹம்தான் தெருவில் கிடந்த குழந்தைக்கும். தொகையில் வேறுபாடு இல்லை.

மறைப்பதும் மார்க்கம்தான்

அப்படியானால் விபச்சாரத்தை உமர் (ரலி) அவர்கள் லேசாக எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கலாம். இல்லை. குற்றம் முறைப்படி நிரூபிக்கப்பட்டால் அல்லாஹ்வின் சட்டத்தை நிறைவேற்றுவதில் அவர்களைப் போலக் கண்டிப்பானவர் அரிது. ஆனால் பாவத்தைத் தண்டிப்பது வேறு, பாவத்தைத் துருவித் துருவிக் கண்டுபிடிப்பது வேறு. முதலாவது மார்க்கம், இரண்டாவது மார்க்கம் தடுத்தது.

இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் வழியாக ஒரு நிகழ்வு அறிவிக்கப்படுகிறது. ஒரு மனிதர் உமர் (ரலி) அவர்களிடம் வந்தார். அறியாமைக் காலத்தில் தம் மகளைப் புதைக்கப் போய், உயிர் பிரியும் முன் வெளியே எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவள் இஸ்லாத்தை ஏற்றாள், பிறகு ஒரு பெரும் பாவத்தில் விழுந்தாள், வெட்கம் தாங்காமல் கத்தியால் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளப் போனாள், காப்பாற்றிவிட்டோம், தவ்பா செய்து திருந்தி வாழ்கிறாள், இப்போது அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள், நடந்ததை அவர்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். உமர் (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்தது. கோபம் அந்தப் பெண் மீது அல்ல, தகப்பன் மீது. அல்லாஹ் மறைத்ததை நீ வெளிப்படுத்தப் போகிறாயா, ஒருவரிடம் சொன்னாலும் ஊருக்கே பாடமாகும்படி உன்னைத் தண்டிப்பேன், கற்புள்ள முஸ்லிம் பெண்ணுக்குச் செய்வதுபோல அவளுக்கு நிகாஹ் செய்துவை என்று உத்தரவிட்டார்கள்.

இன்னொரு சமயம், கணவர் வெளியூரில் இருந்தபோது கருவுற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணைத் தண்டிக்க உமர் (ரலி) அவர்கள் முனைந்தார்கள். முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள் தடுத்தார்கள். அவள் மீது உங்களுக்கு அதிகாரம் இருக்கலாம், வயிற்றிலிருக்கும் உயிர் மீது இல்லை என்றார்கள். கலீஃபா உடனே நிறுத்திவிட்டார்கள், முஆத் இல்லாவிட்டால் தாம் அழிந்திருப்போம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். பெரியவர்களின் வழக்கு எதுவாக இருந்தாலும் குழந்தை அதில் பிரதிவாதி அல்ல.

ஃபிக்ஹ் கட்டிய வேலி

இந்தத் தீர்ப்பின் மீதுதான் ஃபிக்ஹ் நூல்களின் லகீத் பாடம் எழுந்தது. லகீத் என்றால் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. விட்டுவிட்டால் உயிர் போகும் என்ற நிலையில் எடுப்பது கடமை. குழந்தையோடு பணமோ நகையோ இருந்தால் அது குழந்தைக்கே சொந்தம். அது இல்லாதபோது செலவு பைத்துல்மாலைச் சாரும். எடுக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். பின்னாளில் அந்தக் குழந்தையின் சுதந்திரத்திலோ வம்சத்திலோ எவரும் கைவைக்கக் கூடாது என்பதற்காக.

வளர்ப்பவர் தந்தையாகிவிட மாட்டார். அவர் பெயரைத் தந்தை பெயராக வைக்கக் கூடாது. தந்தையர் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயம் (33:5) அவர்களுக்கு உறவுமுறை வகுத்துத் தருகிறது. தந்தை பெயர் இல்லாத ஒருவரை அல்லாஹ் சகோதரர் என்று அழைத்திருக்க, நாம் வேறு சொல்லால் அழைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஈராக்கின் விதவைகள்

உமர் (ரலி) அவர்களின் ஆட்சி பத்தாண்டுகள் நீடித்தது. கத்தியால் குத்தப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னும் அவர்களின் பேச்சு பலவீனர்களைப் பற்றியே இருந்தது. தம்மை அல்லாஹ் உயிரோடு வைத்தால், தமக்குப் பின் எந்த ஆணையும் சார்ந்திருக்கத் தேவையில்லாதபடி ஈராக்கின் விதவைகளை விட்டுச் செல்வேன் என்றார்கள். அது நிறைவேறுவதற்குள் ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதம் ஃபஜ்ர் தொழுகையில் அபூ லுஃலுஆ குத்தினான். ஆயிஷா (ரலி) அவர்களின் அனுமதியோடு பெருமானார் (ஸல்) அவர்களுக்கும் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கும் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

நம் காலத்துத் தொட்டில்கள்

பெற்றோர் தம் பச்சிளம் குழந்தையைப் பாதுகாப்பாகவும் இரகசியமாகவும் ஒப்படைக்க இன்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1999இல் டெக்சாஸ் மாநிலம் தொடங்கிவைத்து, பிறகு 50 மாநிலங்களும் பின்பற்றின. நம் தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. அதன் காரணமும் பெண் சிசுக்கொலைதான். கராச்சியில் மர்ஹூம் அப்துல் சத்தார் ஈதி அவர்கள் தம் நிலையங்களின் வாசலில் தொட்டில் வைத்தார்கள்.

இதில் மார்க்க ரீதியாக ஒரு தயக்கம் உண்டு. தாயின் பெயர் முற்றிலும் மறைந்துபோனால் குழந்தையின் நஸப் என்னாவது? நியாயமான கேள்வி. ஜெர்மனியில் 2014 மே முதல் நடப்பிலுள்ள சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. தாய் வேறு பெயரில் மருத்துவமனையில் பிரசவிக்கலாம். அவளுடைய உண்மையான விவரம் முத்திரையிட்ட உறையில் அரசிடம் இருக்கும். 16 வயதான பிறகு பிள்ளை அதைக் கேட்டுப் பார்க்கலாம். தாயின் மானமும் பிள்ளையின் வேரும் ஒரே உறைக்குள் காக்கப்படுகின்றன.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வளர்க்க முடியாத சூழ்நிலையில் உள்ள பெற்றோர் குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்க இடமளிக்கிறது. முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாதம் அவகாசம் உண்டு. மனம் மாறினால் திரும்பி வரலாம் என்று ஸைத் திறந்துவைத்த அதே கதவு. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவது குற்றம். 1098 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் உதவி கேட்கலாம். குழந்தையைத் தெருவில் போட்டுவிட்டுப் போவதுதான் குற்றமே தவிர, முறைப்படி ஒப்படைப்பது குற்றமல்ல. இந்த வேறுபாடு தெரியாமல்தான் சில குழந்தைகள் புதரில் இறந்துபோகின்றன.

நம் மஹல்லாக்களில் இதை யார் சொல்வது? ஒரு பெண் பயந்து நிற்கும்போது அவள் முதலில் ஓடி ஒளிவது நம் நாவுகளுக்கு அஞ்சித்தான். அவள் நம்பி வரக்கூடிய ஒரு ஆலிமாவோ ஒரு பெரியம்மாவோ நம் ஊரில் இருக்கிறார்களா? வந்தால் அவள் பெயரை வெளியில் விடாமல், குழந்தைகள் நலக் குழுவரை துணைக்குப் போக நம் ஜமாஅத் தயாரா? கணவன் கைவிட்டு, வறுமையில் பிரசவித்த தாய்க்குக் குழந்தையைப் பிரியாமலே வாழ நம் பைத்துல்மால் மாதம் ஒரு தொகை எழுதுமா? அழும் குழந்தையின் தாயைக் கடிந்துகொண்ட உமர் (ரலி) அவர்கள், காரணம் தெரிந்ததும் தம்மையே நொந்துகொண்டார்கள். நாம் இன்னும் கடிந்துகொள்ளும் இடத்திலேயே நிற்கிறோம்.

அடுத்த முறை அப்படியொரு செய்தி வரும்போது, எந்தப் பாவி என்ற கேள்வியை நாவிலேயே நிறுத்திவிட்டு, குழந்தை எங்கே, செலவு யார் மீது என்று கேட்கப் பழகுவோம். அல்லாஹ் மறைத்ததை மறைக்கவும், அவன் படைத்த உயிரைக் காக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.